காரணம் கேட்டவன்

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வளர்ந்த பையன். அவன் பன்னிரண்டாவது படித்தபோது சனி ஞாயிறுகளில் நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது வயது இருபத்து மூன்று, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. சுற்றி வளைத்து எல்லாரையும் விசாரித்துவிட்டுக் கேட்டான்.

"ண்ணா, உங்க சென்னை அட்ரஸுக்கு ஒரு பார்சல் போட்டுக்கலாமா? மாசாமாசம் வரும்."

"என்ன பார்சல்?"

"மாத்திரை."

"என்னாச்சுடா?"

"ஒண்ணும் ஆகலண்ணா. ஆகக்கூடாதுன்னுதான்."

அவன் சொன்ன மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியும். டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபைன் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்தது. எச்.ஐ.வி. இல்லாதவர் அது வராமலிருக்கச் சாப்பிடுவது. ப்ரெப் என்பார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்று வரும் வாய்ப்பை 99 சதவீதம்வரை குறைக்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இதெல்லாம் தெரிந்தவன், படித்தவன், முற்போக்கு என்று தன்னை நினைத்துக்கொண்டிருப்பவன் நான். ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: "உனக்கு எதுக்குடா இது?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு காரணம் சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை. "சரி, போட்டுக்கோ" என்றேன், ஏதோ அனுமதி கொடுப்பவன் மாதிரி.

மூன்று வாரம் கழித்து அவனே சொன்னான்: "அன்னைக்கு நான் சொன்னது பொய்ண்ணா. நீங்க கேட்டீங்க, ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

உண்மைக் காரணத்தை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் என் கேள்வி ஒரு பொய்யை உற்பத்தி செய்தது என்பது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. ஹெல்மெட் வாங்க வருபவனிடம் எங்கே போய் விழப்போகிறாய் என்று கடைக்காரர் கேட்பதில்லை. இதற்கு மட்டும் ஏன் காரணம் கேட்கத் தோன்றுகிறது? உதவி செய்பவனுக்குக் காரணம் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டா? (இந்தக் கட்டுரையை அவனிடம் முழுதாகப் படித்துக்காட்டினேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னான், எடுத்துவிட்டேன்.)

எங்கள் தெருவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தறி வீடு என்றால் கூடத்தில் குழித்தறி இருக்கும். அதுதான் வீடு, அதுதான் வேலையிடம். காலையில் தெருவில் பாவு நீட்டிப் போட்டிருந்தால் எந்த வீட்டில் என்ன கலர், யாருக்குக் கல்யாணப் புடவை, எந்த முதலாளி பாவு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கோர்வைப் புடவைக்குக் கரையும் உடலும் தனித்தனி நிறம், மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். வேலையே இரண்டு பேர் வேலை. தறிச் சத்தம் பகலில் நின்றால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பாள், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று. அந்த அக்கறையில்தான் நான் வளர்ந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு வீட்டிலிருந்து ரசம் வந்திருக்கிறது. அதே அக்கறைதான் ஒரு மாத்திரை டப்பாவைப் பார்த்தால் எடுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல்ஸுக்குப் போய், "இது எதுக்குப்பா?" என்று கேட்கும். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஊரில் கொஞ்ச காலமாவது கண்மறைவாக இருந்தவர் அத்திவரதர் ஒருவர்தான். நாற்பது வருடம் அனந்தசரஸ் குளத்துக்கடியில் இருந்துவிட்டு, 2019இல் வெளியே வந்து 48 நாள் எல்லோருக்கும் முகம் காட்டிவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டார். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு அமைப்பைப் பாதுகாக்க வேண்டுமென்றால் நாங்கள் முதலில் கேட்பது, தகவல் எங்கெங்கே கசியும், யாரிடமிருந்து எதைக் காப்பாற்றப்போகிறோம் என்பதுதான். த்ரெட் மாடல் என்பது அலுவலகப் பெயர். நாங்கள் பயப்படுவது எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஹேக்கருக்கு. அந்தப் பையனுக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஹேக்கர் யாருமே இல்லை. எல்லோரும் அவன்மேல் பாசமாக இருப்பவர்கள்.

முதலில் மருத்துவர். இது சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்து இல்லை. ஊரில் அவனுக்குத் தெரிந்த மருத்துவர் அவன் அப்பாவுக்கு மூட்டுவலி பார்ப்பவர். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு சேர்ந்து தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வந்தன, அதனால் வீடியோவில் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் எங்கிருந்து பேசுவது? கூடத்தில் அப்பா தறியில். உள்ளே அம்மா. மாடியில் பக்கத்து வீட்டு மாமி அப்பளம் காயவைக்கிறாள். கடைசியில் சர்வதீர்த்தக் குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசினான். தன் உடம்பைப் பற்றிப் பேச அவனுக்குக் கிடைத்த அறை ஒரு கோயில் குளம்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. மாத்திரை தொடங்குமுன் எச்.ஐ.வி. இல்லையென்று உறுதியாக வேண்டும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின், கூடவே ஹெபடைட்டிஸ் பி. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை. அது அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம், ஆலோசனையும் உண்டு, ரகசியம் காக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மருத்துவமனைக்குப் போனான். நம்பிக்கை மையம் என்ற பலகைக்குக் கீழே நாற்காலிகள். எதிர்ப்பக்கம் சர்க்கரை நோய்க்கான வரிசை. அந்த வரிசையில் எங்கள் தெருப் பெரியம்மா. "நீ எங்கடா இங்க?" என்று அவள் கேட்பதற்குள் திரும்பி வந்துவிட்டான். உள்ளே இருந்த ஆலோசகர் ஒரு வார்த்தையும் வெளியே சொல்லியிருக்கமாட்டார். கசிந்தது உள்ளே இல்லை, வாசலில். கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு தனியார் லேபில் காசு கொடுத்து எடுத்தான்.

பிறகு பணம். மாத்திரை முப்பது கொண்ட டப்பா, பிராண்டைப் பொறுத்து முன்னே பின்னே ஆனாலும் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். அவன் கையில் வருவது பதினேழாயிரம். அதில் பத்தாயிரம் வீட்டுக்கு. "ரெண்டாயிரம் புரட்டிடலாம்ணா, ஓவர்டைம் பார்த்தா ஆச்சு. ஆனா வீட்டுக்கு எட்டாயிரம்தான் குடுத்தேன்னா அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சும்மா பார்ப்பாங்க" என்றான். நெசவாளர் வீட்டில் இரண்டாயிரம் என்பது காணாமல் போகக்கூடிய தொகை இல்லை. அது ஒரு கேள்வி. அப்புறம் அவன் வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி போவது அப்பாவின் எண்ணுக்கு, ஏனென்றால் கணக்குத் திறந்தபோது அவனிடம் போன் இல்லை.

கடைசியாக டப்பா. இதே இரண்டு மருந்துகளும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான சிகிச்சையிலும் பயன்படுகின்றன. டப்பாவில் உள்ள பெயரைப் போனில் தட்டினால் முதலில் வருவது எச்.ஐ.வி. என்ற சொல்தான். நோய் வராமலிருக்க அவன் சாப்பிடும் மாத்திரையே நோய் வந்துவிட்டதற்கான சாட்சியாக வீட்டில் வாசிக்கப்படும். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை சாப்பிடுவது என்ற கருத்தே நம் வீடுகளில் வைட்டமினோடு முடிந்துவிடுகிறது.

இவ்வளவையும் எழுதிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இது. மருந்து கட்டுப்படியாவது ஒரு பிரச்சினை, அந்தரங்கம் வேறொரு பிரச்சினை என்று தனித்தனியாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அவன் வாழ்க்கையில் இரண்டும் ஒன்று. இலவசமாகக் கிடைப்பதை வரிசையில் நின்று வாங்க வேண்டும், வரிசை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் வாங்க வேண்டுமென்றால் காசு வேண்டும், காசு குறைந்தால் வீட்டுக்குத் தெரியும். என் சம்பளத்தில் நான் இதை யோசித்ததே இல்லை. எனக்குத் தனி அறை இருக்கிறது, தனிக் கணக்கு இருக்கிறது, பூட்டு போட்ட மேஜை இருக்கிறது. அந்தரங்கம் என்பதை நான் ஒரு உரிமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அது அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோது அலுவலகத்தில் நாங்கள் ஆதாரைப் பற்றிப் பேசிப் பேசி டீ குடித்தோம். எங்கள் தெருவில் அது சதுர அடிக் கணக்கில் விற்கும் பொருள்.

அந்த இரண்டாயிரமே பெரிய சண்டைக்குப் பிறகு வந்த விலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2012இல் அமெரிக்காவில் இதே மருந்துச் சேர்க்கைக்குத் தடுப்பு மருந்தாக அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு மாதத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல். போட்டி நிறுவனத்தின் மருந்து அங்கே வர 2020 ஆனது. இந்தியாவில் அப்படி ஆகவில்லை என்றால் காரணம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வைத்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் அந்த நிழலில் வளர்ந்த மருந்து ஆலைகளும். 2001இல் சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எச்.ஐ.வி.க்கான முக்கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அப்போது மேலைநாட்டு விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி இந்திய அரசு சிகிச்சை மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. நோய் வந்தவருக்கு மருந்து இலவசம், வரக்கூடாது என்பவருக்குக் காசு. தடுப்பு மருந்துக்கான வழிகாட்டு நெறிகளைத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் வெளியிட்டது. ஆனால் சிகிச்சை மருந்தைப் போல மாவட்டத்துக்கு மாவட்டம் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றாக அது ஆகவில்லை.

நான் ஏன் காரணம் கேட்டேன் என்பதற்கு வருகிறேன்.

2000களின் தொடக்கத்தில் பள்ளியில் படித்தவர்களுக்குப் புள்ளிராஜாவை நினைவிருக்கும். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' பேருந்து நிலையச் சுவரிலும் ஆட்டோ முதுகிலும் அந்தக் கேள்விதான். விளம்பரம் என்ற அளவில் அபாரமான வெற்றி. எங்கள் வகுப்பில் ராஜா என்று இரண்டு பேர், இரண்டு பேருக்கும் அந்த வருடம் முழுக்க நரகம். எனக்கு இப்போது தோன்றுவது, அந்தக் கேள்வி எங்களுக்கு எய்ட்ஸைப் பற்றிக் கற்றுக்கொடுத்ததைவிட, எய்ட்ஸ் என்றால் இன்னொருவனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி என்பதைத்தான் நன்றாகக் கற்றுக்கொடுத்தது. வருமா? அவன் எப்படிப்பட்டவன்? எங்கே போகிறான்? கிருமிக்கு நடத்தைச் சான்றிதழ் தேவையில்லை என்பது எனக்கு அறிவில் தெரியும். ஆனால் போனில் அந்தப் பையன் மருந்தின் பெயரைச் சொன்னதும் உள்ளே முழித்துக்கொண்டது பன்னிரண்டு வயதுச் சிறுவன்.

இந்தப் பழக்கம் புள்ளிராஜாவோடு தொடங்கியதும் இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமனின் யோசனைப்படி அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அவருடைய துணிச்சலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் அந்தப் பெண்களில் பலர் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். எய்ட்ஸுக்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று அந்தச் சொல்லே யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. பிறகு தொற்று இருந்த பெண்கள் அதற்காகவே அடைத்துவைக்கப்பட்டார்கள். அவர்களை வெளியே கொண்டுவர பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கேட்காமல் ரத்தம் எடுத்ததில் தொடங்கிய கதை இது. நான் கேள்வி கேட்டது அதன் ஏதோ ஒரு கிளை.

சட்டம் மெதுவாக நகர்ந்தது. 1998இல் ஒரு வழக்கு. ரத்தம் கொடுக்கப் போன ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவமனை வெளியே சொல்ல, கல்யாணம் நின்றது, ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. அந்தரங்க உரிமை முழுமையானதல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உயிர் பெரிது என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பெண்ணின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, தகவலை வெளியிடக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. நல்ல சட்டம்தான். அது நடைமுறைக்கு வந்து மூன்று மாதத்தில் சாத்தூர் நடந்தது.

2018 டிசம்பர். சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. ரத்தம் கொடுத்தவன் இருபதுகூட நிறையாத பையன். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஓடிப்போய் ரத்த வங்கியில் தானே சொன்னான், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. யாரும் கேட்காமல் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்தக் கதையில் அவன்தான். அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது இன்னொரு தனிக் கொடுமை, அதை ஒரு வாக்கியத்தில் எழுதக் கூசுகிறது.

அலுவலக நண்பர் ஒருவரிடம் யார் எவர் என்று சொல்லாமல் இதைப் பேசினேன். அவர் வாதம் நேரானது. "எல்லோரும் ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட்டா இது என்னைக்கு மாறும்? நாலு பேரு டப்பாவை மேஜைமேல வைக்கணும். நீ அட்ரஸ் குடுத்து ஒளிக்கிறதுக்கு உதவி பண்ற. அது அவனுக்கு நல்லது, ஊருக்குக் கெட்டது." எனக்கு உடனே பதில் வரவில்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. அவர் சொல்வதில் பாதி உண்மை. கண்ணில் படாத எதுவும் சாதாரணமாவதில்லை. ஒரு காலத்தில் ஆணுறை என்ற சொல்லே வீட்டில் எழமுடியாது, இப்போது டி.வி.யில் விளம்பரம் வந்தால் யாரும் சேனல் மாற்றுவதுகூட இல்லை. (ஆணுறை இருக்கும்போது மாத்திரை எதற்கு என்றும் அவர் கேட்டார். இரண்டும் வேண்டும். மாத்திரை மற்றப் பால்வினை நோய்களைத் தடுக்காது. ஆனால் ஆணுறைக்கு எதிராளியின் சம்மதம் வேண்டும், மாத்திரைக்கு வேண்டாம். புருஷனிடம் ஆணுறை என்று வாயெடுத்தால் 'என்மேல சந்தேகமா?' என்ற அடி விழும் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அவரிடம் கேட்டேன். தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்களுக்குத் தொற்று வந்தது கட்டிய கணவனிடமிருந்துதான்.)

ஆனால் வெளிப்படையாக இருக்கும் கடமை என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் ஒரே அளவா? மேஜைமேல் டப்பாவை வைக்கச் சொன்ன நண்பருக்கு வேளச்சேரியில் சொந்த ஃப்ளாட் இருக்கிறது. டப்பா தெரிந்தால் அவர் இழப்பது ஒரு மாலைப்பொழுது. அந்தப் பையன் இழப்பது தூங்குவதற்கு இடம், தங்கையின் கல்யாணப் பேச்சு, அப்பாவுக்குப் பாவு கொடுக்கும் முதலாளி. ஊர் திருந்துவதற்கான செலவை, இருப்பதிலேயே குறைவாகச் சம்பாதிப்பவன் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாளானது. ஒளித்தல் என்றால் பொய், வெளிப்படை என்றால் உண்மை என்று நண்பரும் நானும் எடுத்துக்கொண்டு பேசினோம். மருந்து விஷயத்தில் அது தலைகீழ். தினமும் சாப்பிடுவதற்குப் பதில் தேவைப்படும்போது மட்டும் சாப்பிடும் ஒரு முறை உண்டு. முன்னால் இரண்டு, இருபத்து நாலு மணி நேரம் கழித்து ஒன்று, இன்னும் இருபத்து நாலு மணி நேரம் கழித்து ஒன்று. செலவு பாதிக்கும் கீழே போகும். ஆனால் அது ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் நிரூபிக்கப்பட்ட முறை, பெண்களுக்கு அது போதாது. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் இஷ்டத்துக்கு நிறுத்தித் தொடங்கினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஆக மருத்துவருக்கு உண்மை தெரிந்தே ஆகவேண்டும். என்னிடம் சொன்ன பொய்யை அவன் மருத்துவரிடமும் சொல்லியிருந்தால் தப்பான அளவு மருந்து கிடைத்திருக்கும். சர்வதீர்த்தப் படிக்கட்டில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முகம் தெரியாத, ஊர் தெரியாத, திரும்பப் பார்க்கப்போகாத ஒரு மருத்துவர் என்பதால் உண்மையைச் சொல்லியிருப்பான் என்றே நினைக்கிறேன். என்னிடம் பொய் சொன்னதற்குக் காரணம் நான் அவனுக்கு வேண்டியவன் என்பது.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளிலேயே பொய்க்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுகிறார், குற்றமற்ற நன்மை தருமென்றால். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்வார்கள். ஜெர்மானியர் காண்ட் இதற்கு நேரெதிர். கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் ஒரு கட்டுரையே எழுதினார். கல்லூரியில் எனக்குக் காண்டைப் பிடிக்கும், விதிவிலக்கில்லாத விதி என்பது பொறியியல் மாணவனுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அந்தக் கதவைத் தட்டுபவர் கொலைகாரராக இல்லாமல் அம்மாவாக இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஜனவரியில் அது நடந்தது. பொங்கல் முடிந்து அம்மா பத்து நாள் என்னோடு இருந்தாள். அவளுக்குச் சர்க்கரை, சோதனைப் பட்டைகளை நான் ஆன்லைனில்தான் வாங்குவேன். நான் அலுவலகத்தில் இருந்தபோது பார்சல் வந்திருக்கிறது. மேலே என் பெயர், வேறொன்றும் எழுதியிருக்காது. தன்னுடையது என்று நினைத்துப் பிரித்துவிட்டாள். சாயங்காலம் வந்தபோது டப்பா சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. நண்பர் சொன்ன அதே இடம். அம்மா எட்டாவது வரை படித்தவள், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பாள். கீழ் வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள்.

"யாருக்குடா இது?"

அவன் பெயரைச் சொன்னால் அம்மாவுக்கு அவனைக் குழந்தையிலிருந்து தெரியும். அவன் அம்மாவும் இவளும் கோயிலுக்குச் சேர்ந்து போகிறவர்கள். அம்மா கெட்டவள் இல்லை. சொல்லக்கூடாது என்றால் இரண்டு மாதம் சொல்லமாட்டாள். அப்புறம் ஒரு நாள் அவன் மெலிந்திருப்பதாகத் தோன்றும், அக்கறை வந்துவிடும்.

"எனக்குத்தாம்மா."

"என்னாச்சு?"

என் கேள்விதான், அதே சொல், அதே குரல்.

"ஒண்ணும் ஆகல. வராம இருக்கறதுக்கு."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரியும், பையனின் அனுமதியோடு முன்பே சொல்லியிருந்தேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அம்மா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் அரை நிமிடம் இருந்தேன். அந்தப் பையன் சர்வதீர்த்தப் படிக்கட்டுவரை போய்த் தப்பித்த பார்வை அது. முப்பத்தைந்து வயதில், சொந்தச் சம்பாத்தியத்தில், என் வீட்டில் நின்றுகொண்டு எனக்கு முதுகு வேர்த்தது.

இரண்டு நாள் அம்மா சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் காலை இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த மாத்திரை சாப்டுட்டுப் போடணுமா, வெறும் வயித்துலயா?"

"எப்ப வேணா போடலாம்மா."

"அப்ப சாப்டுட்டே போடு. வயிறு புண்ணாயிடும்."

இப்போது வாரம் ஒருமுறை போனில் கேட்கிறாள், விடாமல் போடுகிறாயா என்று. போடுகிறேன் என்று சொல்கிறேன். அவள் இணையப் பத்திரிகை எதுவும் படிப்பதில்லை.

பையனிடம் இதைச் சொன்னபோது அரை மணி நேரம் சிரித்தான். பிறகு, "ஊசி வந்துடுச்சுன்னா இந்தத் தொல்லையெல்லாம் இல்லல்லண்ணா?" என்றான். லெனகாபவிர் என்ற ஊசியைப் பற்றிப் படித்திருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தபோது அங்கே ஒரு வருட விலை 28,218 டாலர். ஹைதராபாதைச் சேர்ந்த டாக்டர் ரெட்டிஸும் ஹெட்டெரோவும் 2027இலிருந்து வருடத்துக்கு 40 டாலருக்குத் தரப்போவதாகச் செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 120 நாடுகளுக்கான திட்டம். விஞ்ஞானிகளும் பத்திரிகைகளும் அதன் வீரியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அவன் பார்த்தது வேறு. டப்பா இல்லை. குலுக்கினால் சத்தம் வராது. வருடத்துக்கு இரண்டு தரம் பஸ் ஏறினால் போதும்.

"எங்க போய்ப் போட்டுப்ப?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தாம்பரம்தான். அங்க யாரும் நம்மாளுங்க கிடையாது."

பார்சல் மாதம் எட்டாம் தேதிவாக்கில் வருகிறது. இரண்டாம் சனிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போகிறான். டப்பாவிலிருந்து மாத்திரைகளை ஒரு பழைய வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டான். ஈரம் பட்டால் கெட்டுவிடும், உள்ளே இருக்கும் அந்தச் சின்னப் பொட்டலத்தை எடுக்காதே என்றேன். லேபிளை மட்டும் வெந்நீரில் நனைத்த துணியால் தேய்த்து எடுக்கிறோம். முதல் மாதம் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டது. இப்போது இரண்டு பேருக்கும் கை பழகிவிட்டது, முழுசாக வந்துவிடுகிறது.